பாலைவனத்துக்கு ஒரு மடக்குக் குடில்: பலகையை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவுக்குப் போகிறவர்களில் சிலர், கூடாரம் வேண்டாம், சொந்தமாக ஒரு மடக்குக் குடில் செய்து எடுத்துப் போகலாம் என்று ஃப்ரீமான்ட்டில் உள்ள எங்கள் கராஜுக்கு யோசனை கேட்டு வருவார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எந்தப் பலகை அக்கா எடை குறைவு?" கேள்வியை நான் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். எடை குறைந்த பலகை எத்தனையோ கிடைக்கும். வெயிலைத் திருப்பி அனுப்புகிறதா, பலகைகளை இணைக்கும் டேப்பைப் பிடித்துக்கொள்கிறதா, ஓரத்தில் உதிராமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றையும் முடிவு செய்வது பலகையின் மேல்தோல். உள்ளே இருக்கும் ஃபோமுக்கு இரண்டாவது இடம்தான்.

கலிபோர்னியா வருவதற்கு முன் ஓசூரில் குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சுவர் அமைக்கும் வேலையில் இருந்தேன். அங்கே நாங்கள் பயன்படுத்தியது பஃப் பேனல்: இரண்டு பக்கமும் தகடு, நடுவில் ஃபோம். ஃபோமைத் தனியாக எடுத்தால் கையாலேயே உடைத்துவிடலாம். தகட்டோடு ஒட்டிய பிறகு ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். வளையும்போது வரும் இழுவிசையையும் அழுத்தத்தையும் தோல் வாங்கிக்கொள்கிறது. இரண்டு தோல்களும் விலகாமல் பார்த்துக்கொள்வதோடு ஃபோமின் வேலை முடிந்தது. பாலைவனக் குடிலும் அதே கணக்குதான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலகையை அதற்கேற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். விழா நடக்கும் பிளாக் ராக் பாலைவனம் நெவாடாவின் வடமேற்கில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியுகத்தில் லஹோண்டான் ஏரி இருந்த இடம் அது. ஏரி வற்றிப்போய் இன்று தட்டையான களிமண் படுகையாகக் கிடக்கிறது. பகலில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்கள் உண்டு, இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. நிழல் தர ஒரு மரம்கூடக் கிடையாது. புழுதி மாவுபோல நைசாக இருக்கும். காரத்தன்மை உள்ளது என்பதால் நம் உடம்பில் பட்டால் வெடிப்பு வரும். காற்று எழும்பினால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. மழை அபூர்வம்தான், ஆனாலும் 2023-ல் பெய்த மழையில் படுகை முழுக்கச் சேறாகி, பல்லாயிரம் பேர் சில நாட்கள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். கூட்டரசின் நில நிர்வாகத் துறை அனுமதி கொடுத்து நடக்கும் விழா இது. போகும்போது ஒரு துணுக்குக் குப்பைகூட விடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பலகைத் தேர்வில் இந்த விதிக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

வடிவத்துக்கு நான் எப்போதும் சொல்வது ஹெக்ஸாயர்ட் என்ற அறுகோணக் குடில். 2002-ல் வினய் குப்தா வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விட்டுவிட்டார். பேரிடரில் வீடு இழந்தவர்களுக்கு மலிவான தங்குமிடமாக யோசித்த வடிவம் அது. 8 அடிக்கு 4 அடிப் பலகை 12 போதும். ஆறு பலகைகள் அப்படியே, எட்டடிப் பக்கம் தரையில் படும்படி, அறுகோணச் சுவராக நிற்கும். மற்ற ஆறையும் மூலைவிட்டமாக வெட்டினால் கிடைக்கும் 12 செங்கோண முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் கூரைக்கு ஆறு முக்கோணங்கள். ஒரு துண்டும் வீணாகாது. உள்ளே தரைப்பரப்பு 166 சதுர அடி, நடுவில் உயரம் 8 அடி. இரண்டு கட்டில், ஒரு மேசை, தண்ணீர் கேன்கள் எல்லாம் போட்டும் நடக்க இடம் இருக்கும்.

சரி, பலகைக்கு வருவோம்.

தெர்மாகோலைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள், ஊரில் பழகிய பொருள் அல்லவா. ஒரு அங்குல கனத்தில் 12 பலகைகளுக்கு மொத்த எடை சுமார் 15 கிலோதான் வரும், இதைவிட இலேசாக எதுவும் கிடைக்காது. ஆனால் பாலைவனத்துக்கு இதைவிட மோசமான தேர்வும் கிடையாது. தோலே இல்லாத பலகை. டேப் ஒட்டி இழுத்தால் மேல் அடுக்கு மணிமணியாகப் பெயர்ந்து டேப்போடு வந்துவிடும். ஓரம் உடைந்தால் வெள்ளை மணிகள் காற்றில் மைல் கணக்கில் போகும், பொறுக்கவே முடியாது. எங்கள் முகாமுக்குத் தெர்மாகோலோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

கட்டடக் கடைகளில் நீல நிறத்திலோ இளஞ்சிவப்பு நிறத்திலோ அடுக்கி வைத்திருக்கும் எக்ஸ்பிஎஸ் (இன்னொரு வகைப் பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை அதைவிட நல்லது. மணியாக உதிராது, தண்ணீர் உறிஞ்சாது, அங்குலத்துக்கு ஆர்-5 வெப்பத்தடை கொடுக்கும் (ஆர் எண் கூடினால் வெப்பம் கடப்பது குறையும்). ஆனால் நிறம் வெயிலை வாங்கும், பிளாஸ்டிக் வெயிலில் நாளடைவில் தூளாகத் தொடங்கும். மேலே அலுமினியத் தாள் ஒட்டிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இவ்வளவு பாடுபட்டு நாமே தோல் ஒட்டுவதற்கு, தோலோடு வரும் பலகையையே வாங்கிவிடலாம்.

கோரோபிளாஸ்ட் என்பது தேர்தல் சமயத்தில் இங்கே புல்வெளிகளில் நட்டு வைக்கும் பலகைகளின் பொருள். பாலிப்ரொப்பிலீனில் செய்த, உள்ளே குழாய் குழாயாக இருக்கும் இரட்டைச் சுவர்த் தகடு. 4 மில்லிமீட்டர் தகடு 12-ம் சேர்ந்து 30 கிலோ வரும். மடிப்புக்கு இதைப்போல வசதியான பொருள் இல்லை. ஒரு பக்கத் தோலை மட்டும் கீறிவிட்டால் மறுபக்கமே கீலாக வேலை செய்யும், பிய்ந்து போகாது. மழைக்கும் அஞ்ச வேண்டாம். குறை என்னவென்றால் வெப்பத்தைத் தடுக்கும் சக்தி மிகக் குறைவு, வெளிச்சமும் ஊடுருவி உள்ளே வரும். காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே படுத்திருக்க முடியாது. இன்னொன்று, பாலிப்ரொப்பிலீனில் டேப் சரியாகப் பிடிக்காது. சமையல் கூடாரத்துக்கோ, பொருள் வைக்கும் அறைக்கோ, வாசல் மறைப்புக்கோ கோரோபிளாஸ்ட்டை நான் மனசார சிபாரிசு செய்வேன். தூங்கும் இடத்துக்கு வேண்டாம்.

பிளைவுட் கால் அங்குலத்தில்கூடப் பலகைக்குப் பத்துக் கிலோ வந்துவிடும், 12 பலகை சேர்ந்தால் 120 கிலோ. கடை முகப்புகளில் ஒட்டும் அலுமினியக் கலவைத் தகடு 3 மில்லிமீட்டரில் அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டுமே உறுதியானவை, இரண்டுமே வெப்பத்தைத் தடுக்காது. தேன்கூட்டு அட்டை மலிவு, வெப்பத்துக்கும் பரவாயில்லை. ஆனால் 2023 மாதிரி ஒரு மழை வந்தால் கூழாகிவிடும்.

நான் சொல்வது பாலிஐசோ. முழுப்பெயர் பாலிஐசோசயனுரேட். மஞ்சள் நிற ஃபோம், இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி வரும். அமெரிக்கக் கட்டடங்களின் சுவர்களில் வெப்பத்தடைக்கு வைக்கும் சாதாரணப் பலகைதான். அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6. ஒரு அங்குலப் பலகை சுமார் 3 கிலோ, குடிலுக்கு மொத்தம் 35 கிலோ. தெர்மாகோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடைதான், அதனால் ஒன்றும் குறையப்போவதில்லை. எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் காற்றின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று, நேராக மோதும் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்கும். ஒரு பலகையின் பரப்பு மூன்று சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சுவரின் மேல் 90 கிலோ. பலகை ஒன்றேகால் கிலோவா, மூன்று கிலோவா என்பதை அந்தக் காற்று கவனிக்கவே கவனிக்காது. குடிலை நிறுத்தி வைப்பது கயிறும் தரையில் இறக்கும் திருகாணியும்தான். தூக்கி வண்டியில் ஏற்ற இரண்டு பேரால் முடிகிறதா என்ற அளவில் எடையைப் பார்த்தால் போதும்.

பலகையின் தடிமன் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹெக்ஸாயர்ட்டின் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 36 சதுர மீட்டர். வெளியே உள்ளதைவிட உள்ளே 10 டிகிரி குறைவாக வைக்க நினைத்தால், ஒரு அங்குலப் பாலிஐசோ வழியாக உள்ளே வரும் வெப்பம் சுமார் 340 வாட். உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் 100 வாட் வெப்பம் விடுவார். ஆக, மூன்று பேர் கூடுதலாக உள்ளே இருப்பதற்குச் சமம். இரண்டு அங்குலம் போட்டால் அது பாதியாகும். ஆனால் அந்த மிச்சம், கதவிடுக்கில் புகும் காற்றிலும் இடைவெளியில் விழும் வெயிலிலும் சுலபமாகப் போய்விடும். மடித்து அடுக்கும்போது இரண்டு அங்குலத்தின் சுமையோ முழுசாக நம் தலையில்தான். அதனால் ஒரு அங்குலமே சரி.

அலுமினியத் தாளைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: உலோகம் சூடாகாதா? வெயிலில் கை வைத்தால் சூடாகத்தான் இருக்கும். ஆனால் விழும் வெயிலில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது, பின்னால் இருக்கும் ஃபோம் மிச்சத்தைத் தடுக்கிறது. உள்பக்கத் தாளும் சும்மா இல்லை. சூடேறிய பரப்பு நம்மை நோக்கி வெப்பக்கதிர் வீசுவதை அது குறைக்கிறது. தகரக் கூரையின் கீழ் மே மாதம் இருந்தவர்களுக்கு, காற்றின் சூடு வேறு, மேலிருந்து தலையில் இறங்கும் சூடு வேறு என்று தெரியும். அந்த இரண்டாவது சூடு இதில் அனேகமாக இல்லை. பக்கத்து முகாமுக்குக் கண் கூசும் என்றால் வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். அதுவும் வெயிலை நன்றாகவே திருப்பும்.

கடையில் எல்லாப் பாலிஐசோவும் ஒன்று போலத் தெரியும், ஆனால் தோல் ஒன்றல்ல. சிலவற்றில் சாக்லேட் சுற்றும் தாள் அளவுக்கு மெல்லிய ஃபாயில் மட்டும் இருக்கும், நகம் பட்டாலே கிழியும். சிலவற்றில் ஃபாயிலோடு காகிதமோ கண்ணாடி இழையோ சேர்ந்திருக்கும், வேண்டியது அதுதான். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான இழைத்தோலோடு வருவது கூரைத்தளத்துக்கானது, அது டேப்புக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது. கடைக்குப் போகும்போது கையில் ஒரு துண்டு டேப் எடுத்துப் போங்கள். உடைந்த மூலையோடு ஓரமாக ஒதுக்கி வைத்த பலகை ஒன்று எப்படியும் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதில் டேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள். டேப் மட்டும் தனியாக வந்தால் நல்ல தோல். தோல் ஃபோமை விட்டு எழும்பினால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள், காற்றில் கீல் பிய்வதும் அப்படித்தான் தொடங்கும். அப்புறம் பலகையை நெட்டாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பாருங்கள். வில்லாக வளைந்ததை எடுக்காதீர்கள். 12 பலகைகளையும் ஒரே அடுக்கிலிருந்து எடுங்கள், அளவு மயிரிழை மாறினாலும் கூரை உச்சியில் வந்து இடிக்கும்.

மடிப்புதான் இந்த வேலையிலேயே யோசிக்க வேண்டிய இடம். கீலுக்கு இரு திசையிலும் கண்ணாடி இழை ஓடும், ஆறு அங்குல அகல ஃபிலமென்ட் டேப் வேண்டும். வெள்ளி நிற டக்ட் டேப் வெயிலில் பசை இளகி நழுவிவிடும். ஒட்டும் முன் தோலை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பிறகு உருளையால் அழுத்துங்கள். தடிமன் உள்ள இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்து மேல்பக்கம் டேப் போட்டால், மேல்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படிதான் அவை மடியும். எதிர்ப்பக்கம் மடிக்கப் பார்த்தால் ஓரங்கள் இடித்துக்கொள்ளும். அதனால் விசிறி மடிப்பாக ஆறு சுவர்ப் பலகைகளையும் கோக்கும்போது ஒரு மூட்டுக்கு உள்பக்கம், அடுத்த மூட்டுக்கு வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றி டேப் போட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். அறுகோண மூலை 120 பாகை. உள்பக்கம் டேப் போட்ட மூலை தானாக வளையும், வெளியே மட்டும் ஒரு அங்குல வாய் திறக்கும், அதை அந்த இடத்தில் டேப்பால் மூடிவிடலாம். வெளிப்பக்கம் டேப் போட்ட மூலையில் ஓரங்கள் உள்ளே இடிக்கும். அங்கே இரண்டு ஓரத்தையும் 30 பாகை சாய்த்துச் சீவ வேண்டும். ஒரு அங்குலப் பலகையில் உள்பக்கம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வெட்டுப்படும். இரண்டு அங்குலமென்றால் இதெல்லாம் இரட்டிப்பு, அதற்காகவும்தான் ஒரு அங்குலம் என்றேன்.

கூரையின் 12 செங்கோண முக்கோணங்களையும் உச்சியைச் சுற்றி இதே போல மாற்றி மாற்றிக் கோத்தால், எல்லாம் ஒரே முக்கோணமாக மடிந்து அடுக்கும். நான் ஆறாறாக இரண்டு பாதியாக வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் தலைமாற்றிப் படுக்க வைத்தால் 8-க்கு 4 செவ்வகம் வந்துவிடும். சுவர் ஆறு அங்குலம், கூரை ஆறு அங்குலம், டேப்போடு சேர்த்து ஒரு அடிக்குச் சற்று மேல். குடில் முழுக்க அவ்வளவுதான். ஒவ்வொரு கூரை முக்கோணத்தின் நடு மூட்டிலும் குடில் எழுந்த பிறகு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு டேப் கட்டாயம் ஒட்டுங்கள். ஒருபக்க டேப் கீலாகத்தான் இருக்கும், காற்று அடித்தால் அந்த இடம் உள்ளே மடங்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒட்டினால் அது கீலாக இல்லாமல் பலகையாகிவிடும்.

வெட்டுவதெல்லாம் வீட்டில்தான். கூரான கத்தியால் ஒரே இழுப்பில் ஒரு பக்கத் தோலை வெட்டி, ஒடித்து, மறுபக்கம் வெட்டுங்கள். ரம்பம் போட்டால் மஞ்சள் தூள் எங்கும் பறக்கும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றையும் அலுமினிய டேப்பால் மடித்து மூடுங்கள், சாய்த்துச் சீவிய ஓரத்தையும் சேர்த்து. வெறும் ஃபோம் கண்ணில் படும்படி ஒரு இடம்கூட இருக்கக் கூடாது. சலிப்பான வேலைதான், ஒரு வார இறுதி முழுக்கப் போகும். ஆனால் அந்தப் படுகை யார் வீட்டுக் கொல்லையும் அல்ல, நாளைக்கு நடக்க வருகிறவர்களுக்கும் உரியது. நம் பலகையிலிருந்து அங்கே ஒரு மஞ்சள் துணுக்கு கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. ஜன்னலும் காற்றுத்துளையும் வெட்டுவது இந்தச் சமயத்தில்தான். பக்கெட்டில் தண்ணீரும் ஈரப் பட்டையும் விசிறியும் வைத்துச் செய்யும் கூலர் அந்த வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். காற்று உள்ளே வர ஒரு துளை, எதிர்ச்சுவரின் மேலே வெளியேற ஒரு துளை, இரண்டுக்கும் ஃபில்டர்.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாலிஐசோ எக்ஸ்பிஎஸ்ஸைப் போல உருகிச் சொட்டாது, கருகும். ஆனாலும் எரியும், அதன் புகை நச்சு. வீடு கட்டும்போது இந்த வகை ஃபோம் பலகையை ஜிப்சம் பலகையால் மூட வேண்டும் என்று இங்கே கட்டட விதியே இருக்கிறது. நம் குடிலில் அந்த மூடல் கிடையாது. ஆகவே உள்ளே மெழுகுவர்த்தி, அடுப்பு, சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள், பக்கத்து ஜெனரேட்டர் புகை துளை வழியாக வரலாம். தலைமாட்டில் ஒரு கத்தி இருக்கட்டும். கதவு மாட்டிக்கொண்டால் சுவரைக் கிழித்து வெளியே வந்துவிடலாம், இந்தப் பலகையில் அது ஒரு நல்ல குணம்.

வண்டியில் ஏற்றும்போது அடுக்கின் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பழைய பிளைவுட் வைத்து, மூலைகளுக்கு அட்டைக் காப்பு கொடுத்து, ராட்செட் பட்டையால் கட்டுங்கள். பட்டை நேராக ஃபோமில் பட்டால் தோலை அறுத்துவிடும். வண்டியின் கூரைமேல் கட்டிப் போகிறவர்கள் முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடாமல் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. ரீனோவுக்கு அப்பால், பாலைவனத்தை ஒட்டிய கெர்லாக் ஊருக்குப் போகும் இருவழிச் சாலையில் பறந்துவந்த ஒரு பலகை பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போய்ச் சேர்ந்ததும் காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் நிறுத்துங்கள். நாலு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆறு மூலைக்கும் ஆறு கயிறு, ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு அடி நீளத் திருகாணி. பேட்டரி டிரில்லால் இறக்கினால் அந்தக் களிமண்ணில் இரும்புக் கம்பியைவிட நன்றாகப் பிடிக்கும், கழற்றும்போதும் அதே டிரில்லைப் பின்னோக்கிச் சுற்றினால் வந்துவிடும். கயிற்றை நேராகப் பலகைத் துளையில் கட்டாதீர்கள். கூரைக்கு மேலாக டேப் பட்டையால் ஒரு வளையம் சுற்றி, அதில் கட்டுங்கள். இழுவை தோல் முழுக்கப் பரவும்.

திரும்பி வந்ததும் பலகைகளை விரித்து, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். கார மண் அப்படியே கிடந்தால் அலுமினியத் தாளை அரித்துவிடும், அடுத்த வருடம் டேப்பும் பிடிக்காது. கிழிந்த இடங்களுக்கு அப்போதே டேப் போட்டுவிடுங்கள். கராஜில் படுக்கையாக, மேலே பாரம் எதுவும் வைக்காமல் அடுக்குங்கள். நின்றவாக்கில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.